இடது கதவு, வலது கை

கோபர்க்கிலிருந்து பார்க்வில் வரை
ஏழு கிலோமீட்டர்.
சிட்னி ரோட்டில் எனக்கென்று விட்டிருப்பது
என் தோளைவிடக் கொஞ்சம் அகலமான ஒரு துண்டு.
வலப்பக்கம் டிராம்.
இடப்பக்கம் வரிசையாய் நிறுத்திய கார்கள்.
நடுவில் நானும் என் டிபன் பாக்ஸும்.
ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்து
ஊரார் ரத்தத்தைக் குழாய் குழாயாய் அடுக்க வேண்டும்.

மழை பெய்தால் தண்டவாளம்
எண்ணெய் பூசிய உதடு.
சாய்ந்து போனால் டயரைக் கவ்வும்.
நேர்குறுக்காகக் கட,
பாதியில் பிரேக் பிடிக்காதே.
இது பள்ளிக்கூடத்து ஜியாமெட்ரி அல்ல,
முழங்காலில் இருக்கிற தழும்பு சொன்னது.

செப்டம்பரில் ஆகாயமும் நம்பத்தகாதது.
குஞ்சு பொரித்த மேக்பை
ராயல் பார்க் யூகலிப்டஸிலிருந்து பாய்ந்து
காதோரம் அலகைச் சொடுக்கும்.
ஹெல்மெட் முழுக்க பிளாஸ்டிக் பட்டைகளை
முள் முள்ளாய்க் கட்டிக்கொண்டேன்.
"என்ன மக்கா, சக்கப்பழம் கணக்கா வாறே?"
லேப் வாசலில் ஜெபசெல்வி.
போதாதென்று பின்மண்டையில்
திருஷ்டிப் பூசணிக்குப் போடுவதுபோல்
இரண்டு முட்டைக் கண் வரைந்தேன்.
பறவை பயந்தது.

கதவுகள் பயப்படுவதில்லை.

அது வெயில் நாள். செவ்வாய்க்கிழமை.
விளக்கு இருந்தது, மணி இருந்தது,
மஞ்சள் மேலங்கி இருந்தது.
ஒரு கதவு திறந்தது.

பிறகு தார்.
எங்கோ தனியாய்ச் சுற்றும் ஒரு சக்கரத்தின் சத்தம்.
எலுமிச்சை சாதம் தண்டவாளத்தில் சிதறிக் கிடக்க
டிராமை நிறுத்தி இறங்கி ஓடி வந்த பெண்
அந்த மஞ்சளைப் பார்த்து ஒரு கணம் திகைத்தாள்,
உடம்புக்குள் இப்படியும் இருக்குமா என்பதுபோல்.

திறந்தவர் பெயர் ஸ்டாவ்ரோஸ்.
பூட்டு பழுது பார்ப்பவர்.
ஆம்புலன்ஸ் வரும்வரை என் செருப்பைக்
கையில் வைத்துக்கொண்டே நின்றார்.
முதலில் "பார்த்தேன்" என்றார்.
கொஞ்சம் கழித்து "பார்க்கவில்லை" என்றார்.
இரண்டும் உண்மைதான் என்று இப்போது தோன்றுகிறது.
அவர் தேடியது காரை.
காரைத் தேடும் கண்ணுக்குச் சைக்கிள்
வெறும் வெளிச்சம்.

இடது முழங்கையில் இரண்டு திருகாணி.
குளிர் வந்தால் எனக்கு முன்னே அவற்றுக்குத் தெரியும்.

போன ஜூலையில் ஓர் இரவு
எழிலனோடு படத்துக்குப் போனேன், வாடகைக் காரில்.
தூறல். சிக்னலில் நெரிசல். நகரவே இல்லை.
"இங்கேயே இறங்கிடலாம், பேர் போட்டிருப்பான்."
சரி என்றேன்.
என் இடது கை,
திருகாணி பூட்டிய அதே கை,
பிடியை இழுத்துவிட்டது.

எலும்புக்கு ஞாபகம் இருந்தது,
விரலுக்கு இல்லை.

ஓர் அங்குலம் திறந்திருக்கும்.
அந்த அங்குலத்தில் ஒரு வெளிச்சம் வந்தது,
பிறகு ஒரு பையன்,
முதுகில் சதுரப் பெட்டி, காதில் பாட்டு.
மயிரிழையில் ஒடித்து, திரும்பிப் பார்க்காமல்
மழைக்குள் போய்விட்டான்.
வசவாவது தந்திருக்கலாம்.

"பார்த்தேனே" என்று சொல்ல
என் வாய் தயாராய் இருந்தது.

இப்போதெல்லாம் காரில் இடப்பக்கம் உட்கார்ந்தால்
வலது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய்த்தான்
கதவைத் தொடுகிறேன்.
கை போனால் தோள் திரும்புகிறது,
தோள் திரும்பினால் கண் பின்னால் போகிறது.
வேறு ரகசியம் ஒன்றுமில்லை.
"அபிநயமா?" என்கிறான் எழிலன்.

பழக்கம் முற்றி
ஃப்ரிட்ஜையும் அப்படியே திறக்கிறேன்.
சமையலறையில் பின்னால் யார் வரப்போகிறார்கள்?
இருந்தாலும்
ஒருமுறை பார்த்துவிட்டுத்தான்
பாலை எடுக்கிறேன்.